முன்னால் ஊற்றியது யார்

திருவெள்ளறை அருகே
16 நவம்பர் 2025

தம்பி ஹரிக்கு,

அக்கா ஆனந்தவள்ளி எழுதுவது. எங்கள் சங்கத்துப் பால் வேனை ஓட்டும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் திரும்பி வரும்போது தில்லை நகர் வழியாகத்தான் வருகிறாராம். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நீ பேட்ரிசியாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன் மாமா முன்னால் உன் பெயரை எடுக்க முடியவில்லை. என் போனையும் அவர் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார். கடிதம்தான் சௌகரியம்.

உங்கள் கம்பெனி கொடுத்த பால் பரிசோதனை மெஷினில் போன மாதம் ஒரு ஆள் வந்து புதிதாக ஏதோ ஏற்றிவிட்டுப் போனார். அதிலிருந்து மெஷின் அருமையாக ஓடுகிறது. முன்பெல்லாம் காலையில் கரண்ட் குறைவாக இருந்தால் நாலு பேரில் ஒருவருக்குப் பூஜ்யம் காட்டும். நான் மறுபடியும் பாலை எடுத்து வைக்க வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இப்போது பூஜ்யமே வருவதில்லை. பாலை வைத்ததும் சீட்டு வந்து விழுகிறது. இதற்கு உள்ளே ஓடுவதை எழுதியது என் தம்பிதான் என்று சங்கத் தலைவரிடமே சொன்னேன்.

இன்னொன்று. மேலத்தெரு பவுனம்மாள் அக்காவை உனக்குத் தெரியும், வீரமலை அண்ணன் சம்சாரம். இத்தனை வருஷம் அவர்கள் பாலைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை. இந்த வாரம் இரண்டு நாள் மெஷின் அவர்கள் பாலில் தண்ணீர் என்று காட்டிவிட்டது. முதல் நாள் பேசாமல் விட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசை மொத்தமும் கேட்கும்படி, "தண்ணிய சங்கத்துல ஊத்தாதீங்க, உங்க வீட்டு மாட்டுத் தொட்டியில ஊத்துங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்கள், இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது. பார்க்கவில்லை.

சொன்னது சரிதான். ஆனாலும் அவர்கள் முகம் எனக்குள் நிற்கிறது. மெஷின் பொய் சொல்லுமா என்ன?

பேட்ரிசியாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஸ்ரீரங்கம்
20 நவம்பர் 2025

அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிறது. உறையைப் பிரிக்கும்போது இருந்த சந்தோஷம் படித்து முடிக்கும்போது இல்லை. ஏன் என்று இப்போது கேட்காதே.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த இரண்டு நாளும் பவுனம்மாள் அக்காவுக்குச் சரியாக முன்னால் பால் ஊற்றியது யார்? இரண்டு பேருக்கும் வந்த சீட்டில் என்ன அளவு இருந்தது? நினைவிலிருந்து எழுதினாலும் போதும்.

அதுவரை பவுனம்மாள் அக்காவிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். பூஜ்யம் வராததை மெஷினுக்குப் பெருமையாக யாரிடமும் பேசவும் வேண்டாம். என் பெயரையும் சொல்ல வேண்டாம்.

இதைவிட நீளமாக எழுத முயன்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

ஹரி

*

24 நவம்பர் 2025

ஹரிக்கு,

முன்னால் ஊற்றியது யார் என்று எனக்கு எப்படி நினைவிருக்கும்? காலையில் ஊரே வந்து நிற்கிறது. யார் முன்னால் யார் பின்னால் என்று பார்த்துக்கொண்டா இருப்பேன்? இதை ஏன் கேட்கிறாய்?

உன் கடிதம் வந்த மறுநாளே உங்கள் ஆள் மறுபடியும் வந்தார். மெஷினில் எதையோ சொருகினார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், எடுத்தார். என்ன என்று கேட்டதற்கு, வழக்கமான பராமரிப்புதான், பாலை அளக்கும் கருவியில் அழுக்கு படிந்திருக்கிறது, தினமும் நன்றாகக் கழுவுங்கள் என்றார். நான் கழுவாத நாளே கிடையாது. அவர் போனதிலிருந்து காலையில் மறுபடியும் பூஜ்யம் வருகிறது. நானும் மறுபடியும் பாலை எடுத்து வைக்கிறேன்.

பவுனம்மாள் அக்கா சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். துறையூர் ரோட்டில் இருக்கும் டீக்கடைக்கு ஊற்றுகிறார்களாம். அங்கே கொடுப்பதுதான் விலை. அதுகூடப் பரவாயில்லை. நான் கத்திய அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனதும் வீரமலை அண்ணன் அந்தச் சீட்டை நீட்டி, எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டாராம். செய்தாயா என்று கேட்கவில்லையாம். எதற்காக என்றுதான் கேட்டாராம். கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

நீ என் தம்பி. சின்ன வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். கடிதத்தில் காது தெரியாது என்று நினைக்காதே. நேராகச் சொல்.

அக்கா

*

ஸ்ரீரங்கம்
28 நவம்பர் 2025

அக்கா,

பவுனம்மாள் அக்கா ஊற்றியது நல்ல பால். தப்பு மெஷினில். மெஷினில் என்றால் என்னிடத்தில்.

உனக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். அந்த மெஷினும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரலைக் கெர்னல் என்போம். நினைவகத்தில் எந்த இடத்தை எந்த வேலைக்குக் கொடுப்பது, முடிந்ததும் எப்படித் திரும்ப வாங்குவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஒருவருடைய பாலின் அளவை எழுதிய இடம்தான் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகிறது. போவதற்கு முன்னால் பழையதை அழித்துப் பூஜ்யமாக்க வேண்டும்.

எனக்கு முன்பு இருந்தவர் எழுதிய அந்தப் பகுதி ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருந்தது. ஒரே வேலையைப் பல இடங்களில் செய்திருந்தார். அதையெல்லாம் பிரித்துத் திருத்தி எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். இடத்தைத் திரும்ப வாங்கும்போது ஒரு தடவை அழித்தது, மறுபடி கொடுக்கும்போது ஒரு தடவை அழித்தது. இரண்டு தடவை எதற்கு என்று முதலாவதை எடுத்துவிட்டேன். ஆனால் கொடுப்பதற்கு இரண்டு வழி இருந்தது. அவசர வேலைகளுக்கான குறுக்கு வழியில் அழிக்கும் வரியே கிடையாது. பால் அளக்கிற நிரல் அந்தக் குறுக்கு வழியில்தான் இடம் கேட்கிறது. நான் பார்க்கவில்லை.

கரண்ட் குறைந்தால் அளக்கும் கருவி பதில் சொல்லாமல் நின்றுவிடும். முன்பு அப்போது பூஜ்யம் காட்டும், நீ மறுபடி எடுத்து வைப்பாய். நான் திருத்திய பிறகு, முன்னால் ஊற்றியவரின் அளவு அழியாமல் அங்கேயே இருந்தது. மெஷின் அதை எடுத்துப் பவுனம்மாள் அக்கா பெயரில் அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே, பூஜ்யமே வருவதில்லை என்ற வரியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஆபீஸில் போய் உட்கார்ந்து சரி செய்தேன். சரி செய்ததைப் பதிவு பண்ணும்போது என்ன திருத்தம் என்று ஒரு வரி எழுத வேண்டும். "சிறு சீரமைப்பு" என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, இதுவே போதும், சங்கங்களுக்குக் கருவியைக் கழுவச் சொல்லிவிடலாம் என்றார். சரி என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் திருத்தியதைச் சரிபார்த்தது இக்ரா என்ற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வரியை ஏன் எடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துக்கொண்டே, கழுவின தட்டையே மறுபடி கழுவறதா என்றேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இதை எழுதும்போது பேட்ரிசியா பக்கத்தில்தான் இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஹரி

*

3 டிசம்பர் 2025

ஹரி,

ஒருவர் சாப்பிட்ட எச்சில் இலையை எடுக்காமலே அடுத்தவரைப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறாய். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

உன்னை என்னவெல்லாம் திட்டலாம் என்று இரண்டு நாள் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். மெஷினைத் திருத்திவிட்டாய், அந்த மனுஷியை அப்படியே விட்டுவிட்டாய். என்னையும் அழுக்கு மெஷினை வைத்திருந்தவள் ஆக்கிவிட்டாய். இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோதுதான் உன் பழைய கேள்வி எதிரில் வந்து நின்றது. முன்னால் ஊற்றியது யார்?

நினைவில்லை என்று எழுதியது பொய். அன்றைக்கே நினைவிருந்தது.

இரண்டு நாளும் முன்னால் வந்தது தலைவர் வீட்டுக் கேன். அவர் வீடும் மேலத்தெருதான். பண்ணையாள் தூக்கிக்கொண்டு வருவான், அவன் பின்னால் பவுனம்மாள் அக்கா வருவார்கள். தலைவர் வீட்டுப் பாலில் தண்ணீர் இருப்பது எனக்குப் புதிதில்லை. அவர் கேனுக்கு வரும் சீட்டை நான் வாய்விட்டுப் படிப்பதில்லை. மடித்து அந்த ஆள் கையில் கொடுத்துவிடுவேன். அந்த இரண்டு நாளும் அப்படித்தான் மடித்துக் கொடுத்தேன். அடுத்த நிமிஷம் அதே அளவு பவுனம்மாள் அக்கா சீட்டில் வந்தது. ஒரு புள்ளி கூட மாறவில்லை. இரண்டையும் பார்த்தவை இந்தக் கண்கள்தான். ஒன்றை மடித்தேன், ஒன்றைக் கத்திப் படித்தேன்.

உன் மெஷின் பொய் சொன்னது சரி. அது தலைவர் வீட்டுச் சீட்டிலும் அதே அளவைத்தானே காட்டியது? அங்கே நான் ஏன் கத்தவில்லை?

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. மெஷின் தப்பு, உங்கள் பால் நல்ல பால், நான் பேசியதை மன்னித்துவிடுங்கள் என்றேன். கையைக் கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு சொன்னார்கள்: "என் பால் நல்ல பாலுன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து எங்கிட்டயே சொல்றீங்க. சொன்ன இடத்துல போய்ச் சொல்லுங்க."

திரும்பி நடக்கும்போது மேலத்தெரு அவ்வளவு நீளமாக இருந்தது.

அக்கா

*

ஸ்ரீரங்கம்
10 டிசம்பர் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆபீஸ் போய் வந்தேன். ஏகாதசிக்குப் பந்தல் போடுகிறார்கள், தெருவில் நடக்க இடமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடப்பது எனக்கு இப்போது வசதியாக இருக்கிறது.

முதலில் இக்ராவிடம் சொன்னேன். நீ கேட்டது சரி, நான் சொன்னது தப்பு, அதனால் ஒரு ஊரில் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க சிரிச்சப்ப, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலேன்னு நெனச்சேன் சார். அதுக்கப்புறம் யாரையும் கேள்வி கேக்கல" என்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மேலாளரிடம் போனேன். சங்கங்களுக்கு உண்மையை எழுதி அனுப்ப வேண்டும் என்றேன். கம்பெனி பெயர் என்ன ஆவது என்று கேட்டார். பதிவில் "சிறு சீரமைப்பு" என்று எழுதியதே நீங்கள்தானே என்றும் கேட்டார். ஆமாம், நான்தான் என்றேன். அந்தப் பதிவை மாற்றி, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். கொஞ்ச நாள் லீவில் போகச் சொல்லியிருக்கிறார். லீவு முடிந்து வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த அப்டேட் உங்கள் சங்கத்துக்கு மட்டும் போகவில்லை. மற்ற ஊர்களில் யார் யார் வரிசையில் தலைகுனிந்து நின்றார்களோ, எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்தார்களோ, எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. அந்த ஊர்களில் எனக்கு அக்கா கிடையாது. லீவில் ஒவ்வொரு சங்கமாகப் போய்ச் சொல்லப் போகிறேன். முதலில் நம் ஊர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் ஊற்றும் நேரத்துக்கு வரட்டுமா? மாமா என்ன சொல்வார் என்று தெரியும். உங்கள் வீட்டுக்குள் வரமாட்டேன். சங்கத்து வாசலில் நின்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறேன். நான் மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தலைவர் வீட்டுக் கேனைப் பற்றி நீ வாய் திறக்க வேண்டாம். உன் வேலை போய்விடும்.

ஹரி

*

12 டிசம்பர் 2025

ஹரி,

வா. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடி. பவுனம்மாள் அக்காவை வரச் சொல்லியிருக்கிறேன். வருவார்களா என்று தெரியாது.

மெஷினைப் பற்றி மட்டும் சொன்னால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஊரில் எவராவது கேட்காமல் இருப்பார்களா? நீ உன்னுடையதைச் சொல். என்னுடையதை நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பதிலாக நீ எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது போதும்.

சட்டை நல்லதாகப் போட்டுக்கொண்டு வா.

அக்கா

*

22 டிசம்பர் 2025

ஹரிக்கு,

அன்றைக்குச் சங்கத்து வாசலில் நீ பேச ஆரம்பித்ததிலிருந்து பஸ் ஏறும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைப்பதை எழுதுகிறேன்.

பவுனம்மாள் அக்கா வந்திருந்தார்கள். கேன் கொண்டுவரவில்லை. சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உன் கெர்னலும் நினைவகமும் யாருக்கும் புரியவில்லை. ஆனால் "என் தப்பு" என்று நீ சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் ஒரு சிலர், மெஷின் மேல் பழியைப் போட்டு அக்காவைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று சிரித்தார்கள். அது உன் காதில் விழுந்திருக்கும். அதனால்தான் நான் முன்னால் வந்தேன். தலைவர் வீட்டுச் சீட்டை மடித்ததையும் அதே அளவைப் பவுனம்மாள் அக்காவிடம் கத்திப் படித்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் வீட்டுப் பால் எப்படி என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதானே.

பவுனம்மாள் அக்கா நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுவரை சங்கத்துக்குப் பால் வரவில்லை. டீக்கடைக்குத்தான் போகிறது.

தலைவர் மறுநாள் ஆள் அனுப்பினார். நான் ரொம்ப உழைத்துவிட்டேனாம், கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டுமாம். மெஷினில் இப்போது வேறு பெண் உட்கார்கிறாள். பூஜ்யம் வந்தால் கட்டாயம் மறுபடி எடுத்து வைக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். உன் மாமா அன்றைக்கு எதிர்த் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். உன்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேலை போனதற்கும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இதெல்லாம் எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. நேற்றுச் சாயங்காலம் வீரமலை அண்ணன் வந்தார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. உங்க தம்பி ஊருக்குப் போயாச்சா என்று கேட்டார். போயிட்டான் என்றேன். துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். பிறகுதான் சொன்னார்.

"மெஷினை அவர் சரி பண்ணிட்டாரு. நீங்களும் பேசினதை ஊருக்கு முன்னாடி தப்புன்னு சொல்லிட்டீங்க. நான் அந்தச் சீட்டைப் பாத்தேன், நம்பிட்டேன். இத்தனை வருசம் அவகூட இருந்துட்டு, ஒரு தாளை நம்பிட்டேன். அதுக்கு நான் எங்க போய் நின்னு சொல்றது?"

வீட்டிலேயே சொல்லுங்கள் அண்ணே என்றேன். சொல்லிவிட்டாராம். காலில் விழாத குறையாகச் சொன்னாராம். பவுனம்மாள் அக்கா சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்களாம். சோறு போடுகிறார்களாம், கேட்டதற்குப் பதில் சொல்கிறார்களாம், சண்டை ஒன்றும் இல்லையாம்.

"ஆனா கறக்க உக்காரும்போது என்னைக் கூப்பிடறா. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றா. கறந்து முடிச்சதும் கேனை மூடி எங்கையில குடுத்துடறா. 'நான் தொடல, நீங்களே கொண்டு போங்க'ங்கறா. வேணாம் பவுனுன்னா கேக்க மாட்டேங்கறா. காலையிலயும் கூப்பிடறா, சாயந்தரமும் கூப்பிடறா."

காபி போடட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவர் வெளியே வெயில் இறங்கியதைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கறக்கற நேரம் ஆயிடுச்சும்மா. கூப்பிடுவா" என்று சொல்லிவிட்டு அவசரமாக மேலத்தெருப் பக்கம் நடந்தார்.

அக்கா